செகண்ட் ஹேண்ட் வாத்தியம் ஆன்லைன்ல வாங்குறீங்களா, விக்கிறீங்களா? ஏமாறாம இருக்க ஒரு வழிகாட்டி

இசை கத்துக்க ஆரம்பிக்கிற நிறைய பேருக்கு முதல் வாத்தியம் செகண்ட் ஹேண்ட்லதான் அமையுது. அது நல்ல விஷயம்தான், நல்லா வாசிச்சுப் பழகின கிட்டாரோ வயலினோ அதே விலைக்குக் கிடைக்கிற புதுசை விட பல சமயம் நல்லாவே பேசும். ஆனா ஆன்லைன் விளம்பரங்கள்ல உக்காந்திருக்குற மோசடிக்காரங்களுக்கும் புதுசா வர்றவங்கதான் குறி, ஏன்னா எது சரியான விலை, எது ஒரிஜினல், எதைத் தட்டிப் பாக்கணும், எதைத் திருப்பிப் பாக்கணும்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது, சீக்கிரம் வாத்தியம் கைக்கு வந்துடணும்ங்கிற ஆசை வேற இருக்கும்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், மத்த எல்லாமே இதுல இருந்துதான் வருது. ஏமாத்துறவன்கிட்ட போட்டோ இருக்கும், கதை இருக்கும், யாரோ ஒருத்தரோட அடையாள அட்டை கூட இருக்கும், ஆனா வாத்தியம் இருக்காது. அதனால வாத்தியத்தை கையில வச்சிருக்கறவங்களால மட்டும் செய்ய முடியிற ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி கேக்கணும். விக்கும்போது இதே விஷயம் அப்படியே திரும்பும், வாங்குறேன்னு வர்ற ஏமாத்துக்காரன்கிட்ட காசு இருக்காது, காசு அனுப்பிட்டேன்னு காட்ட ஏதோ ஒண்ணு மட்டும் இருக்கும்.

முதல் வேலை, விலை தெரிஞ்சுக்கிறது

எந்த மாடல் வேணும்னு முடிவு பண்ணிட்டு, அதே மாடல் பழசு என்ன விலைக்குப் போகுதுன்னு ஒரு ரெண்டு வாரம் சும்மா பாத்துட்டே இருங்க, வாங்காதீங்க. கேக்குற விலையை விட வித்துப்போன விலைதான் முக்கியம், சில தளங்கள்ல முடிஞ்ச விற்பனைகளைத் தனியா பாக்க முடியும். இப்படிப் பாத்துப் பழகிட்டா, எல்லாரும் விக்கிற விலையில பாதிக்குக் கூட இல்லாம ஒரு விளம்பரம் வந்தா உங்களுக்கே உறுத்தும். அவசரமா ஊரை விட்டுப் போறேன், அப்பா இறந்துட்டார் அவரோட வாத்தியம் இது, நல்ல கைக்குப் போனா போதும் காசு பெருசில்ல, இப்படி விலை கம்மியா இருக்கறதுக்கு ஒரு காரணமும் கூடவே ரெடியா வரும். இது உண்மையாவும் இருக்கலாம், அப்படி உண்மையா விக்கிறவங்க வீட்டுக்கு வந்து வாசிச்சுப் பாருங்கன்னு தாராளமா கூப்பிடுவாங்க.

இலவசப் பியானோ பத்தி தனியா சொல்லியே ஆகணும். யாரோ இறந்துபோனவரோட பியானோ, சும்மாவே தர்றோம், ஏத்தி இறக்குற கம்பெனிக்கு மட்டும் காசு கட்டுங்கன்னு ஈமெயில் வரும். 2024ல ப்ரூஃப்பாயிண்ட்ங்கிற இணையப் பாதுகாப்பு கம்பெனி இந்த மோசடியைப் பத்தி விரிவாவே எழுதியிருந்தாங்க, வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல படிக்கிறவங்களுக்கும் வேலை செய்யிறவங்களுக்கும் இந்த மெயில் குவிஞ்சிருக்கு. படிச்சவங்களே ஏமாறக் காரணம், பியானோவை நிஜமாவே சும்மா குடுக்குறவங்க உலகத்துல நிறைய பேர் இருக்காங்க, ஒரு பழைய அப்ரைட் பியானோவே 200 கிலோவுக்கு மேல வரும், அதை வீட்டை விட்டு வெளிய எடுக்கிறதே பெரிய செலவுங்கிறதால யாராவது எடுத்துட்டுப் போனா போதும்னு நினைப்பாங்க. அதனால சும்மாங்கிறதை வச்சு மட்டும் பொய்னு சொல்ல முடியாது. பியானோ இருக்குற இடத்துக்கு நேர்ல போய்ப் பாக்க முடியுமா, வண்டிக்காரங்களை நீங்களே பிடிச்சுக்கலாமா, இந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. அவங்க சொல்ற கம்பெனிக்குதான் காசு கட்டணும்னு அடம்பிடிச்சா பியானோவே கிடையாது.

அடுத்து, போட்டோவைப் படிக்கிறது

விளம்பரத்துல இருக்குற படத்தை படத்தை வச்சே தேடித் தர்ற கூகுள் லென்ஸ்லயோ டின்ஐலயோ போட்டுத் தேடுங்க, அதே படம் வேற ஊர்ல வேற பேர்ல இருந்தா அதோட விட்டுடலாம். இது எல்லாருக்கும் தெரிஞ்ச வழி, மோசடிக்காரங்களுக்கும் தெரியும், அதனால தேடல்ல சிக்காம இருக்க படத்தை இடவலமா திருப்பிப் போடுறாங்க. இங்கதான் வாத்தியம் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வசதி இருக்கு, ஏன்னா வாத்தியத்துக்கு இடது வலதுன்னு ஒரு முறை உண்டு. வயலினோட தலை மேல வர்ற மாதிரி முன்பக்கத்தைப் பாத்தா தடிமனான ஜி கம்பி உங்களுக்கு இடது பக்கம் இருக்கணும், திருப்பின படத்துல வலது பக்கம் இருக்கும். கிட்டார்லயும் அதே மாதிரி தடிச்ச கம்பி இடம் மாறி, பாக்க இடதுகைக்காரங்களுக்குச் செஞ்ச மாதிரி இருக்கும், ஆனா விளம்பரத்துல இடதுகைன்னு ஒரு வார்த்தை இருக்காது. 88 கட்டை உள்ள பியானோ, கீபோர்டுல இன்னும் ஈஸி, இடது கோடியில ரெண்டு வெள்ளைக் கட்டையும் நடுவுல ஒரு கறுப்பும் இருக்கும், வலது கோடியில ஒரே ஒரு வெள்ளைக் கட்டை தனியா நிக்கும். இது மாறி இருந்தா படம் திருப்பினது. பிராண்டு பேர் இருக்குற இடத்தை மட்டும் வெட்டியோ மங்கலாக்கியோ போட்டிருந்தாலும் இதே சந்தேகம் வரணும், பேர் திருப்பி எழுதுன மாதிரி தெரியும்ங்கிறதாலதான் மறைப்பாங்க.

வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதைத்தான் சொல்வேன். முன்னல்லாம் இன்னைக்குத் தேதியை ஒரு பேப்பர்ல எழுதி வாத்தியத்துப் பக்கத்துல வச்சு போட்டோ அனுப்புங்கன்னு கேப்பாங்க. இப்போ ஏஐ வச்சு அந்த மாதிரி படத்தை ரெண்டு நிமிஷத்துல செஞ்சுடலாம், அதனால அதை நம்பி காசு அனுப்பாதீங்க. வீடியோ கால் வரச் சொல்லுங்க. கால்ல வந்ததும் நீங்க கேக்குறதை அங்கேயே செய்யச் சொல்லுங்க, முன்கூட்டியே என்ன கேப்பீங்கன்னு சொல்லாதீங்க. கிட்டார்னா ஆறாவது கம்பியை லூஸ் பண்ணி திரும்ப டைட் பண்ணச் சொல்லலாம், பன்னெண்டாவது ஃப்ரெட் (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகக் கம்பி) மேல விரலை லேசா வச்சு மீட்டச் சொல்லலாம், அப்புறம் கேமராவை எடுக்காம அப்படியே கம்பி முறுக்குற தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்ல ஆரம்பிச்சு பின்பக்க சீரியல் நம்பர், கழுத்து, பாடி, கம்பியைக் கீழ்ப்பக்கம் தாங்குற பிரிட்ஜ்னு ஒரே ஓட்டமா காட்டச் சொல்லுங்க. நடுவுல கட் ஆனா மறுபடியும் முதல்ல இருந்து. கீபோர்டுன்னா ஒவ்வொரு கட்டையையும் வரிசையா கடைசி வரைக்கும் அழுத்தச் சொல்லுங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஒருத்தர் சொல்லலாம், அது தப்பே இல்ல, பையன் வாசிச்சுட்டு விட்டதை அம்மா விப்பாங்க, ஆனா ஒரு கட்டையை அழுத்தவோ ஒரு கம்பியைத் தட்டவோ வாசிக்கத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல.

கேமரா ரிப்பேர், நெட் சரியில்ல, வாத்தியம் வேற ஊர்ல குடோன்ல இருக்கு, கொரியர்காரங்ககிட்ட ஏற்கனவே குடுத்துட்டேன், இதெல்லாம் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா வந்தா நன்றி சொல்லிட்டு நகந்துடுங்க. யாரையும் கோவமா கேக்க வேண்டியதில்ல, நீ ஃபிராடான்னு சண்டை போட்டா அவன் அடுத்த ஆளுக்குக் கதையை இன்னும் நல்லா சொல்லக் கத்துக்குவான், அவ்ளோதான்.

சில பேர் வீடியோவுக்குப் பதிலா அடையாள அட்டை போட்டோவை அனுப்பி, பாருங்க நான் நம்பகமான ஆள்னு சொல்வாங்க. அந்த அட்டை பெரும்பாலும் இதுக்கு முன்னாடி ஏமாந்த யாரோ ஒருத்தரோடது. உங்களோடதை பதிலுக்கு அனுப்பினா நாளைக்கு அடுத்த ஆளுக்கு உங்க அட்டை போகும். அதே மாதிரி நிஜ ஆளான்னு செக் பண்ண உங்க ஃபோனுக்கு ஒரு ரகசிய நம்பர் அனுப்பியிருக்கேன், அதைச் சொல்லுங்கன்னு கேட்டா சொல்லவே கூடாது, உங்க நம்பரை வச்சு அவங்க ஒரு அக்கவுண்ட்டைத் திறக்கிறாங்கன்னு அர்த்தம்.

போலியா ஒரிஜினலா

வாத்தியம் நிஜமாவே இருக்குன்னு தெரிஞ்சாச்சு, அடுத்த கேள்வி அது சொல்ற வாத்தியம்தானா. பேர் போன பிராண்டுன்னாலே போலி இருக்கும். கிப்சன் கிட்டார்ல ஒரு உதாரணம் சொல்றேன், ஏன்னா நம்பரைப் படிக்கிறது எப்படின்னு இதுல நல்லா புரியும். 1977ல இருந்து 2005 வரைக்கும் அவங்க அமெரிக்காவுல செஞ்ச பெரும்பாலான கிட்டார்கள்ல ஹெட்ஸ்டாக் பின்னாடி எட்டு இலக்க நம்பரை மரத்துலயே அழுத்திப் பதிச்சிருப்பாங்க. முதல் இலக்கமும் அஞ்சாவது இலக்கமும் சேந்தா வருஷம், நடுவுல இருக்குற மூணும் அந்த வருஷத்தோட எத்தனாவது நாள்ங்கிறது. 91237456ன்னு இருந்தா 97ஆம் வருஷம், 123வது நாள், அதாவது 1997 மே 3. அந்த நடு மூணு இலக்கம் 480ன்னு இருந்தா அப்படி ஒரு நாளே வருஷத்துல இல்ல. கிப்சன்லயே கஸ்டம் ஷாப், லெஸ் பால் கிளாசிக் மாதிரி சில வகைகளுக்கு நம்பர் முறை வேற, அதையும் தெரிஞ்சுட்டுப் போங்க. ஹெட்ஸ்டாக் முன்னாடி டிரஸ் ராட் (கழுத்துக்குள்ள ஓடுற இரும்புக் கம்பி) மேல இருக்குற சின்ன மூடியையும் பாருங்க, கிப்சன்ல அதுக்கு ரெண்டு ஸ்க்ரூ, போலிகள் பலதுல மூணு இருக்கும்.

ஆனா நம்பர் சரியா இருக்குறதால மட்டும் வாத்தியம் ஒரிஜினல் ஆகிடாது, ஒரு நிஜமான நம்பரை காப்பி அடிச்சு நூறு போலியில பதிக்கலாமே. நம்பர் சொல்ற வருஷம், மாடல், கலர் மூணும் கையில இருக்குற கிட்டாரோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும், கம்பெனிக்கே எழுதிக் கேட்டா பல கம்பெனிகள் பதில் சொல்வாங்க.

மைக் வாங்குறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம், ஷூர் எஸ்எம்58 போலி உலகம் பூரா கிடக்கு, அதோட எடை கம்பெனி கணக்குப்படி 298 கிராம், சமையலறைத் தராசுலயே நிறுத்துப் பாத்துடலாம். போலி பல சமயம் எடை குறைவா இருக்கும்.

வயலின்ல கதை வேற மாதிரி. உள்ள எட்டிப் பாத்தா ஸ்ட்ராடிவாரியஸ்னு லேபிள், 17ன்னு ஆரம்பிக்கிற வருஷம், விக்கிறவர் குரலே மாறிடும். பேர் போன இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1737ல இறந்துட்டார், அவர் கையால செஞ்சதுல இன்னைக்கு மிஞ்சியிருக்கறது கிட்டத்தட்ட 650தான், ஒவ்வொண்ணும் யார்கிட்ட இருக்குன்னு நிபுணர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். ஆனா அவரோட டிசைனைப் பாத்து செஞ்சதுன்னு சொல்ல அதே லேபிளை ஒட்டி 19ஆம் நூற்றாண்டுல இருந்து ஃபேக்டரிகள்ல லட்சக்கணக்குல வயலின் செஞ்சாங்க, அன்னைக்கு அது மோசடியாவே எண்ணப்படல. லேபிள்ல மேட் இன் ஜெர்மனின்னு இங்கிலீஷ்ல இருந்தா இன்னும் தெளிவு, இறக்குமதி ஆகுற பொருள்ல எந்த நாட்டுல செஞ்சதுன்னு எழுதியே ஆகணும்னு அமெரிக்கா 1890ல மெக்கின்லி சட்டம் போட்டதுக்கு அப்புறம்தான் அந்த வழக்கம் பரவுச்சு. தாத்தா வச்சிருந்ததுன்னு நம்பி விக்கிறவர் பொய் சொல்றார்னு சொல்ல முடியாது, அவருக்கே தெரியாம இருக்கலாம், நீங்க லேபிளுக்குக் காசு குடுக்காம வயலினுக்குக் காசு குடுங்க.

நேர்ல போய்ப் பாக்கும்போது

பகல்ல போங்க, நாலு பேர் நடமாடுற இடத்துல சந்திங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, அது உங்க வாத்தியாரா இருந்தா ரொம்ப நல்லது. புதுசா கத்துக்கிறவங்க பல பேர் வாத்தியாரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தனியா போய்ட்டு வந்துடுறாங்க, பெரும்பாலான வாத்தியார்களுக்கு மாணவர் கையில நல்ல வாத்தியம் இருக்கணும்ங்கிற அக்கறை இருக்கும், கேட்டா சந்தோஷமா வருவாங்க. எலக்ட்ரிக்னா கேபிளும் சின்ன ஆம்ப்போ ஹெட்ஃபோனோ நீங்களே கொண்டு போங்க, ஆம்ப் இல்ல அதனால செக் பண்ண முடியாதுங்கிற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது.

கிட்டாரைக் கையில வாங்கினதும் முதல்ல கழுத்தும் தலையும் சேர்ற இடத்தைப் பாருங்க, கீழ விழுந்தா உடையிற இடம் அதுதான், ஒட்டி மேல பாலிஷ் போட்டிருந்தா வெளிச்சத்தைச் சாய்ச்சு அடிச்சா மெல்லிசா ஒரு கோடு தெரியும். அப்புறம் பிரிட்ஜ் பக்கம் இருந்து கழுத்து வழியா நேரா பாத்து முறுக்கு இருக்கான்னு பாருங்க. அகூஸ்டிக்னா பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு பேப்பரை விட்டுப் பாருங்க, உள்ள போச்சுன்னா பிரிட்ஜ் தூக்குது. எல்லா கம்பியிலயும் எல்லா ஃப்ரெட்டையும் ஒவ்வொண்ணா வாசிங்க, விக்கிறவர் எவ்ளோ நேரம் முறைச்சாலும் பரவாயில்ல. வால்யூம் திருகும்போது கரகரன்னு சத்தம் வந்தா அது பெரும்பாலும் தூசி, அதுக்காக பயப்பட வேண்டாம், பேரம் பேசிக்கலாம்.

வயலினை விரல் முட்டியால ஓரமா சுத்தி தட்டிட்டே வாங்க, ஒட்டு விட்ட இடத்துல சத்தம் உதறும். பின்பலகையில சவுண்ட்போஸ்ட் (உள்ள ரெண்டு பலகைக்கும் நடுவுல நிக்கிற சின்ன மரக்குச்சி) நிக்கிற இடத்துல விரிசல் இருந்தா ரிப்பேர் செலவு வயலினோட விலையையே தாண்டிடலாம். கிளாரினெட்னா மரத்துல விரிசல் இருக்கான்னு பாருங்க, டிரம்பெட் குழாய்ல ஊதுற பக்கம் சின்னச் சின்ன செம்பட்டைப் புள்ளி இருந்தா அது உள்ள இருந்து அரிச்சுட்டு வருதுன்னு அடையாளம். சாக்ஸஃபோன்னா ரொம்ப கீழ் ஸ்வரம் வரைக்கும் ஊதிப் பாக்கணும், துளைகளை மூடுற பேட்ல காத்து லீக் இருந்தா அங்கதான் திணறும்.

ஹார்மோனியத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு, எந்தக் கட்டையையும் அழுத்தாம எல்லா ஸ்டாப்பையும் மூடிட்டு துருத்தியை அடிச்சுக் காத்தை நிரப்பி கையை எடுத்துடுங்க, காத்து மெதுவா நின்னு இறங்கணும், புஸ்ஸுன்னு இறங்கினா லீக். வீணைன்னா ஒரே மரத்துல குடைஞ்சதுன்னு சொல்லி ஒட்டு வீணையை அதிக விலைக்குத் தள்ளப் பாப்பாங்க, குடமும் தண்டியும் சேர்ற இடத்துல மரத்தோட ரேகை தொடர்ச்சியா ஓடுதா, இல்ல அலங்காரப் பட்டையை வச்சு மூடியிருக்கான்னு பாருங்க. ஒட்டு வீணை கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, ஒட்டு வீணையோட விலைக்கு வாங்கணும். மெழுகு பழசாகி மெட்டு (ஸ்வரத்துக்காகப் பதிச்ச உலோகப் பட்டை) நகந்திருந்தா மேளம் கட்டணும், அதாவது மெட்டுகளைப் புது மெழுகுல திரும்பப் பதிக்கணும், அந்தச் செலவையும் கணக்குல சேத்துக்கோங்க. மிருதங்கத்துல தோல் மாத்திக்கலாம், கட்டையில விரிசல் இருந்தா யோசிங்க.

பணம்

வாத்தியம் கைக்கு வந்து சோதிச்சதுக்கு அப்புறம் காசு, இதை மாத்தவே வேண்டாம். வேற ஒருத்தர் இப்பவே வாங்க ரெடியா இருக்கார், அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்னு சொன்னா அவருக்கே குடுத்துடுங்கன்னு சொல்லிடுங்க, உலகத்துல அந்த ஒரு கிட்டார்தான் இருக்குங்கிற மாதிரி அவசரப்படுத்துறதுதான் அவங்க தொழில். தூரத்துல இருந்து வாங்கியே ஆகணும்னா அந்தத் தளமே வச்சிருக்குற பாதுகாப்பான பேமெண்ட்ல மட்டும் கட்டுங்க, பேச்சையும் அந்தத் தளத்துக்குள்ளயே வச்சுக்கோங்க. கமிஷன் மிச்சம் பண்ணலாம், வெளிய வந்து பேசலாம்னு கூப்பிட்டா போகாதீங்க, வெளிய கட்டின காசுக்குத் தளம் பொறுப்பு எடுக்காது. பேபால்ல ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு அனுப்பினா பொருள் வாங்குறவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, அதனாலதான் அதுல அனுப்பச் சொல்வாங்க. கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, ஒயர் டிரான்ஸ்ஃபர் மூணும் போனா வராது. நடுவுல ஒரு எஸ்க்ரோ கம்பெனி காசை வச்சுக்கும்னு அவங்களே ஒரு லிங்க் அனுப்பினா அந்தக் கம்பெனியும் அவங்களோடதுதான்.

ஒருவேளை காசை அனுப்பிட்டீங்க, அடுத்து கொரியர்ல இருந்து இன்சூரன்ஸ் கட்டுங்க, திருப்பிக் குடுத்துடுவோம்னு மெயில் வருதுன்னா அங்கேயே நிறுத்திடுங்க. போன காசை மீட்கணும்னு திரும்பத் திரும்பக் கட்டி நஷ்டத்தைப் பெருசாக்கிக்கிறவங்க நிறைய.

திருட்டு வாத்தியமா இருந்தா

வாங்கினவர் தெரியாம வாங்கியிருந்தாலும் சொந்தக்காரர் வந்து கேட்டா சட்டப்படி திருப்பிக் குடுக்க வேண்டி வரலாம். வாங்கின பில், பழைய போட்டோ, எப்போ யார்கிட்ட வாங்கினார், ஏன் விக்கிறார்னு சாதாரணமா பேச்சு குடுத்துப் பாருங்க, நிஜ சொந்தக்காரங்க அந்த வாத்தியத்தைப் பத்தி நிறுத்தாம பேசுவாங்க. சீரியல் நம்பரை நெட்ல தேடுங்க, திருடு போனவங்க அங்கதான் போட்டிருப்பாங்க. நம்பரைச் சுரண்டியிருந்தா தொடவே வேண்டாம்.

நீங்க ஏற்கனவே வாத்தியம் வச்சிருக்கீங்கன்னா இன்னைக்கே ஒரு வேலை செய்ங்க, நம்பரை மட்டும் இல்லாம மரத்தோட ரேகை, கணு, கீறல் எல்லாத்தையும் கிட்டத்துல படம் எடுத்து வைங்க. கனடாவோட ராக் இசைக்கலைஞர் ராண்டி பேக்மேனோட 1957 கிரெட்ச் கிட்டார் 1976ல டொராண்டோவுல ஒரு ஹோட்டல்ல திருடு போச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு ரசிகர், பழைய படங்கள்ல அந்த மரத்துல தெரிஞ்ச ஒரு சின்ன கறுப்புக் கணுவை வச்சுத் தேடி, ஜப்பான்ல ஒருத்தர் அதை வாசிக்கிற வீடியோவைக் கண்டுபிடிச்சார். 2022 ஜூலை 1ஆம் தேதி டோக்கியோவுல கிட்டார் பேக்மேன் கைக்கே வந்துச்சு. சீரியல் நம்பரைச் சுரண்டிடலாம், கணுவை ஒண்ணும் பண்ண முடியாது.

இப்போ விக்கிறவங்களுக்கு

நல்ல படம் போடுங்க, குறையையும் படம் எடுத்துப் போடுங்க, பின்னாடி தகராறு வந்தா அதுதான் உங்களைக் காப்பாத்தும். சீரியல் நம்பரோட கடைசி ரெண்டு மூணு இலக்கத்தை விளம்பரத்துல மறைச்சுட்டு, உண்மையா வாங்க வர்றவங்களுக்கு வீடியோல காட்டுங்க.

மோசடி எப்படி வரும்னா, விளம்பரம் போட்ட அஞ்சு நிமிஷத்துல மெசேஜ் வரும், பேரமே பேச மாட்டாங்க, வாத்தியத்தைப் பத்தி ஒரு கேள்வி கூட இருக்காது, உங்க பொருள் இன்னும் இருக்கா, நான் வெளியூர்ல இருக்கேன், என் ஆள் வந்து எடுத்துக்குவார், பணம் இப்பவே அனுப்புறேன். கிட்டார்னு கூட சொல்லாம பொருள்னு சொல்றதைக் கவனிங்க, ஒரே மெசேஜை ஃப்ரிட்ஜ் விக்கிறவருக்கும் அனுப்பியிருப்பாங்க. நிஜமா வாங்குறவர் கம்பி எப்போ மாத்துனீங்க, கேஸ் கூட வருதான்னு கேப்பார்.

அடுத்து கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணா காசு வந்துடும்னு சொல்வாங்க. காசு வாங்குறதுக்கு நீங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்ல, பின் போட்டா காசு உங்ககிட்ட இருந்து போகுதுன்னு அர்த்தம். கார்டு விவரம் கேக்குற லிங்க்கும் இதே வகைதான். காசு அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டோ பேங்க்ல இருந்து வந்த மாதிரி மெயிலோ பாத்து எதையும் நம்பாதீங்க, உங்க ஆப்பை நீங்களே திறந்து பேலன்ஸ்ல ஏறியிருக்கான்னு பாருங்க, அது வரைக்கும் வாத்தியம் உங்க கையிலயே இருக்கட்டும், அவர் வாசல்ல நின்னு எவ்ளோ அவசரம் காட்டினாலும் சரி. அதிகமா அனுப்பிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கன்னு வர்றது ரொம்பப் பழைய முறை. பேங்க் செக் குடுத்தாங்கன்னா முதல்ல அக்கவுண்ட்ல ஏறின மாதிரியே காட்டும், போலின்னு பேங்க் கண்டுபிடிக்க வாரக்கணக்கு ஆகலாம், அதுக்குள்ள நீங்க திருப்பி அனுப்பின காசு மட்டும் நிஜமான காசு.

நேர்ல வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு, ஆன்லைன் பேமெண்ட்ல பொருள் வாங்குற முறையில கட்டிட்டு, வாத்தியத்தை எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் எனக்குப் பொருளே வரலன்னு கம்ப்ளெயிண்ட் பண்றவங்க இருக்காங்க. அனுப்பின டிராக்கிங் ஆதாரம் உங்ககிட்ட இருக்காதே. நேர்ல குடுக்குறதுன்னா ரொக்கமோ, கண் முன்னாடி அக்கவுண்ட்ல ஏறுற டிரான்ஸ்ஃபரோ மட்டும் வச்சுக்கோங்க.

கொரியர்ல அனுப்பும்போது இன்னொரு ஆபத்து, வாங்கினவர் நல்ல கிட்டாரை வச்சுக்கிட்டு வேற ஒண்ணைத் திருப்பி அனுப்புவார், இல்ல கம்பியோட அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்புற பிக்கப்பை மட்டும் கழட்டிட்டு மலிவானதைப் போட்டு, பிடிக்கலன்னு ரிட்டர்ன் பண்ணுவார். அதனால அனுப்புறதுக்கு முன்னாடி உள் வயரிங், பிக்கப்போட அடிப்பக்கம் வரைக்கும் படம் எடுங்க, சீரியல் நம்பரைக் காட்டி அங்கிருந்து பெட்டியை ஒட்டி லேபிள் ஒட்டுற வரைக்கும் ஒரே வீடியோவா எடுங்க. பேமெண்ட்ல இருக்குற அட்ரஸுக்கு மட்டும் அனுப்புங்க, கையெழுத்து வாங்கிட்டுதான் குடுக்கணும்னு போடுங்க. கம்பிகளைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க, வயலின்ல முழுசா கழட்டிடாதீங்க, அழுத்தம் போனா சவுண்ட்போஸ்ட் சாஞ்சுடும். கேஸுக்குள்ள ஹெட்ஸ்டாக் கீழ துணி வைங்க, பெட்டியை ஆட்டினா உள்ள எதுவும் நகரக் கூடாது.

வெளிநாட்டுக்குன்னா மரத்தையும் பாக்கணும். பிரேசிலியன் ரோஸ்வுட் 1992ல இருந்து சைட்டிஸ்ங்கிற, அழிஞ்சுவர்ற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட ரொம்பக் கடுமையான பட்டியல்ல இருக்கு, பெர்மிட் இல்லாம எல்லையைத் தாண்டினா வாத்தியத்தையே பறிமுதல் பண்ணலாம். மத்த ரோஸ்வுட் வகைகள்ல செஞ்சு முடிச்ச வாத்தியங்களுக்கு 2019 கடைசியில விலக்கு குடுத்துட்டாங்க. பழைய வாத்தியத்துல யானைத் தந்தம் இருந்தா அதுவும் சிக்கல்தான்.

ஏமாந்துட்டா

முதல்ல பேங்குக்கோ கார்டு கம்பெனிக்கோ ஃபோன் பண்ணுங்க, அதுவும் உடனே, முதல் சில மணி நேரத்துல நிறுத்த முடிஞ்ச காசு மறுநாள் கிடைக்காம போகலாம். சாட்டை அழிக்காதீங்க, அவங்க பேர், நம்பர், அக்கவுண்ட், விளம்பரம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் தளத்துக்கும் போலீஸுக்கும் புகார் குடுங்க, தளத்துல முதல்ல புகார் பண்ணா விளம்பரம் காணாம போய் உங்களுக்கு ஆதாரம் இல்லாம ஆகிடலாம். வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்துடாதீங்க, இது ஒரு தொழிலாவே நடக்குது, உங்க மேல தப்பில்ல.

கொஞ்ச நாள்ல உங்க காசை மீட்டுத் தர்றோம்னு ஒரு மெசேஜ் வரலாம், ஹேக்கர்னு சொல்லிக்குவாங்க, வக்கீல்னு சொல்லிக்குவாங்க, ஒரு சின்ன ஃபீஸ் மட்டும் முன்னாடி கேப்பாங்க. ஏமாந்தவங்க லிஸ்ட்டை வாங்கி வச்சுக்கிட்டு திரும்ப ஏமாத்துற கூட்டம் அது, பதிலே போடாதீங்க.

படத்தைத் தேடும்போது அது யாரோட வாத்தியம்னு தெரிஞ்சிருந்தா அவருக்கும் ஒரு மெசேஜ் போட்டுடுங்க. தன்னோட வாத்தியத்துப் படத்தை வச்சு யாரோ வித்துட்டு இருக்காங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது, சொந்தக்காரரே கேட்டா பல தளங்கள்ல அந்த விளம்பரத்தைச் சீக்கிரமா எடுத்துடுவாங்க.